நெல்லைச் சீமையில் வீராப்பை இறக்கி வைக்கும் முறை

ஐப்பசி மழைக்குத் தாமிரபரணி சற்றே பெருகி ஓடிய ஒரு மாலையில், குறுக்குத்துறைப் படித்துறையிலிருந்து ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபம் வரை நீந்திப் போய்த் திரும்பிக் காட்டுவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றினான் ஓர் இளைஞன். உடன் வந்த நான்கு பேரும் செல்பேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். படியில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “போலே, போ. அந்தச் சாரத்த மட்டும் இங்கன அவுத்து வச்சிட்டுப் போ. பெறகு ஒங்க அம்மைக்கு அடையாளம் காட்டணும்லா.” சாரம் என்பது கைலிக்கு இங்கே வழங்கும் பெயர். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடியே அந்தப் பையன் சிறிது நேரம் நின்றான். பிறகு, “தண்ணி கலங்கலா கெடக்கு, குளிச்ச மாரியே இருக்காது” என்றான். “ஆமா, புதுத்தண்ணி. சளி புடிக்கும்” என்று பெரியவரும் ஒத்துக்கொண்டார். சட்டை மறுபடி தோளுக்கு ஏறிவிட்டது.

போகாதே என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் கட்டாயம் இறங்கியிருப்பான். திருநெல்வேலிக்காரர்களின் கேலிச் சொற்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலைக்காகவே உருவானவையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்ட பிறகும், பழைய சீமை முழுவதும் இந்தப் பேச்சு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவர்கள், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்துவிட்டு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகள் ஆகியோர் இச்சொற்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் எடுத்து ஆளும்போது இடறி விழுகிறார்கள். அவர்களுக்காக எழுதப்படுவதே இந்தக் குறிப்பு.

எதிரே இருப்பது எது என்று முதலில் பாருங்கள்

வெற்றுத் துணிச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கிடையாது. சவடால் என்பது வாயோடு நின்றுவிடுவது. பேசுகிறவனுக்கே அதைச் செய்யும் எண்ணம் இருக்காது. உதார் என்பதும் பேச்சுத்தான் என்றாலும், எதிரில் இருப்பவனை மிரட்டிப் பின்வாங்க வைப்பதற்காக விடப்படுவது; கையில் சரக்கு இல்லாதவன்தான் உதார் விடுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். சலம்பல் என்றால் காரணமே இல்லாத சத்தம். தெனாவட்டுக்குப் பேச்சே தேவையில்லை. நிற்கிற நிலையிலும், சாரத்தை மடித்துக் கட்டிய உயரத்திலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பார்க்கிற பார்வையிலும் அது தெரிந்துவிடும். இந்த நான்கையும் கேட்டவுடனே கேலி செய்யலாம். பெரிய சேதம் வராது.

வீராப்பும் வீம்பும் வேறு வகையைச் சேர்ந்தவை. நாலு பேர் முன்னிலையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து இறங்கி வர வழி தெரியாமல் நிற்பவனிடம் இருப்பது வீராப்பு. நட்டம் தனக்குத்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அடுத்தவனுக்குக் காட்டுவதற்காக ஒன்றைச் செய்வது வீம்பு. இவற்றின் முன்னால் வெறும் கிண்டல் செல்லாது. கிண்டலோடு சேர்த்து இறங்குவதற்கு ஒரு படியையும் போட்டுக் கொடுக்க வேண்டும். குறுக்குத்துறைப் பெரியவர் சாரத்தைப் பற்றிச் சொன்னது கிண்டல். சளி பிடிக்கும் என்று சொன்னது படி. இரண்டாவதைச் சொல்லத் தெரியாதவர்கள் முதலாவதைச் சொல்லாமல் இருப்பதே மேல்.

இவற்றுக்கெல்லாம் அப்பால், துணிந்து ஒரு முட்டாள்தனத்தைச் செய்தே முடித்துவிட்டவனுக்கு என்று தனிச் சொற்கள் உண்டு. கோட்டி என்றால் பைத்தியம், “ஒனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?” என்பது, மழையில் நனைந்துகொண்டே குற்றாலம் வரை பைக்கில் போய் வந்தவன் வீட்டு வாசலில் கேட்கும் முதல் வரவேற்பு. கூறுகெட்டவன், ஆக்கங்கெட்ட கூவை, சவத்து மூதி ஆகியவை இன்னும் காரமானவை. தாய் தன் பிள்ளையைச் சொன்னால் அவற்றில் பாசமே மேலோங்கி நிற்கும். வெளியாள் சொன்னால் அவை வெறும் வசவு. ஆகவே இந்த மூன்றையும் கேட்டுப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளிச்சொல் தவறினால் எல்லாம் தவறும்

திரைப்படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் செய்யும் பிழை, வாயைத் திறந்தாலே “ஏலே” என்று தொடங்குவது. லே என்பது வயதில் இளையவனுக்கும் கூடவே வளர்ந்த தோழனுக்கும் உரியது. சம வயதுள்ள, ஆனால் தோளில் கை போடும் அளவுக்கு நெருங்காத ஆணுக்கு வே போட வேண்டும். அப்போது வினையும் “வாரும், சொல்லும், போறீரு” என்று மாறும், நீ என்பது “நீர்” என்றாகிவிடும். கடைக்காரர், ஊரில் மதிப்புள்ளவர், உங்களைவிடப் பத்து வயது மூத்தவர் எல்லோரும் அண்ணாச்சி. அண்ணாச்சியிடம் “கேட்டியளா, வந்தியளா” என்ற பன்மையே பொருந்தும். எய்யா என்ற சொல்லைப் பெண்களும் பெரியவர்களும் பையன்களைக் கொஞ்சுவதற்கும் கெஞ்சுவதற்கும் ஆளுகிறார்கள். வீராப்பை இறக்குவதற்கு அதைவிடக் கூர்மையான கருவி வேறு கிடையாது என்றாலும், அது ஆச்சிமார் வாயில் மட்டுமே முழுமையாக வேலை செய்யும்.

கேலி எவ்வளவு காரமாக இருக்கிறதோ, விளி அவ்வளவு மரியாதையாக இருக்க வேண்டும் என்பதே இங்கே அடிப்படைக் கணக்கு. “என்னலே உதார் விடுத?” என்று கேட்டால் சண்டை வரும். “என்னவே, இன்னிக்கி உதார் கொஞ்சம் தூக்கலா இருக்கே?” என்று கேட்டால் உதார் விட்டவரே சிரித்துவிடுவார்.

அரிவாள் பற்றியும் இந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நெல்லைக்காரன் வீராப்பு என்றாலே அருவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் என்ற சித்திரத்தைத் திரைப்படங்கள் ஊட்டி வைத்திருக்கின்றன. அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி இருப்பதோ சிவகங்கை மாவட்டத்தில். எங்கள் வீடுகளில் அருவாள் பெரும்பாலும் தேங்காய் வெட்டவும் ஓலை சீவவும் பயன்படுகிறது; அதை வைத்து நகைச்சுவை செய்யும் வெளியூர்க்காரரைப் பார்த்து நாங்கள் சிரிப்பது மரியாதைக்காகத்தான்.

சொல்லும் முறை

முதல் முறையை மேலே படித்துறையில் பார்த்தோம். தடுக்காமல் அனுமதி கொடுத்துவிட்டு, போகிறவனிடம் ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். மழை கொட்டும் இரவொன்றில் பேரன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, பாபநாசத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடுவேன் என்று கூடத்தில் நின்று சவடால் பேசியபோது, முறுக்குத் தட்டைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: “போய்யா, போ. இன்சூரன்ஸ் பேப்பர எங்க வச்சிருக்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.” கேட்கப்படும் வேலை மிகவும் சிறியதாக, அன்றாடத் தன்மை உடையதாக இருக்க வேண்டும், அதைச் செய்ய நினைக்கும்போதே விளைவு கண்முன் வந்துவிட வேண்டும். முகத்தில் சிரிப்பு வரக் கூடாது, குரல் உயரக் கூடாது, கையில் இருக்கும் வேலையை நிறுத்தவும் கூடாது. நேராகப் பார்த்துச் சொன்னால் அது சவாலாகிவிடும்.

இரண்டாவது முறை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. “அண்ணாச்சி, தம்பி சொல்லுதத கேட்டியளா? நாமெல்லாம் வேற சோலியத்தான் பாக்கணும் போல.” சோலி என்றால் வேலை. தன்னிடம் சொல்லப்படாத சொல்லுக்குப் பதில் சொல்லும் கடமை தம்பிக்கு இல்லை. கேட்காதது போல் நழுவிவிடலாம்.

மூன்றாவதாக, பழமொழியின் முடிவில் நிற்கும் “ஆம்” என்ற ஈற்றைக் கவனியுங்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். போனான் என்று சொன்னால் எதிரில் இருப்பவனைச் சொன்னதாகிவிடும். போனானாம் என்னும்போது, எங்கேயோ எப்போதோ வாழ்ந்த ஒருவனைப் பற்றி யாரோ சொன்னதை நாம் திருப்பிச் சொல்வதாக மட்டுமே ஆகிறது. “என்னையா சொல்லுத?” என்று அவன் பாய்ந்தால், “ஒன்னைய யாருலே சொன்னா? ஊருல சொல்லுவாவ” என்று விலகிக்கொள்ளலாம். இந்த ஈற்றை விழுங்கிவிட்டுப் பழமொழி சொல்வது, உறை இல்லாமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொள்வது போன்றது.

எந்தச் சொல்லை எப்போது எடுப்பது

செயல் தொடங்குவதற்கு முன்னால் சொல்லத் தக்கவை சில உண்டு. கூரை ஏறிக் கோழி பிடிக்கும் கதையும், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கும் கதையும் அந்த வகை. வாய் வாழைப்பழம், கை கருணைக்கிழங்கு என்பது வேலைக்கு வராமல் பேச்சில் மட்டும் வெளுத்து வாங்குபவனுக்கு உரியது. ஓலைப்பாயில் நாய் மோண்ட மாதிரி என்பதை நண்பர்கள் கூட்டத்தில் மட்டுமே சொல்லுங்கள். ஓலைப்பாயில் விழும் சில துளி எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்டிருந்தால்தான் அந்த உவமையின் துல்லியம் புரியும். மரியாதைப்பட்ட இடங்களில் அதற்குப் பதிலாக வெத்துவேட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். குண்டு இல்லாமல் மருந்தை மட்டும் இட்டு வெடிக்கும் வேட்டு அது. துள்ளுகிற மாடு பொதி சுமக்கும் என்பதை மேலதிகாரி தன் கீழே வேலை செய்பவரிடம் சொல்லக் கூடாது. அங்கே அது எச்சரிக்கை என்ற நிலையைத் தாண்டி மிரட்டலாகிவிடும்.

சவடால் பேசுகிறவன் தானே எடுத்து விடும் வசனங்களும் உண்டு. அவற்றுக்கு எதிர்வசனம் தயாராக இருக்க வேண்டும். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று மார் தட்டுவார்கள். காய்ந்த காவோலைகள் காற்றில் உரசி ஓயாமல் சத்தம் எழுப்பும் பனங்காட்டிலேயே குடியிருக்கும் நரி அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிருக்கும் என்பது அதன் பொருள். திசையன்விளைப் பக்கத்தில், செம்மணல் மேடும் பனையுமாகக் கிடக்கும் தேரிக்காட்டில் ஒரு காற்றுக்காலப் பகல் முழுவதும் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு நான் கேட்ட மிகச் சிறந்த மறுமொழி: “காடு கெடக்கு, ஓலையும் சலசலங்கு. நரியத்தான் காணல.” முடியைக் கட்டி மலையை இழுப்போம், வந்தால் மலை, போனால் முடி என்பார்கள் வேறு சிலர். பேச்சு வழக்கில் முடிக்குப் பதிலாக வரும் சொல்லை நீங்களே அறிவீர்கள். இதைச் சொல்பவரின் தலையை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, “இருக்கதே கொஞ்சம்வே” என்று முடித்துக்கொள்வது வழக்கம்.

கட்டபொம்மன் பெயரை எடுக்கும்போது கவனம் தேவை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டார். சொன்ன சொல்லுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதால், அவர்களைக் கேலிப்பொருளாக்கினால் இந்தச் சீமையில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கேலி எப்போதும் அவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்பவன் மீதே விழ வேண்டும். வண்ணார்பேட்டையில் ஒரு கடை வாசலில் வண்டி நிறுத்தக் கேட்ட பத்து ரூபாயைத் தர மறுத்து, வரி வசூலிக்க வந்த வெள்ளைக்காரனிடம் பேசுவது போல ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர் பொறுமையாகக் கேட்டார்: “பத்து ரூவாய்க்கு எதுக்குவே கயத்தாறு வரைக்கும் போறீரு?” முழங்கியவரும் சிரித்து, துட்டையும் எடுத்துவிட்டார். கட்டபொம்மன் என்ற பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

செயல் நடந்துகொண்டிருக்கும்போது சொல்லத் தக்கவை குறைவு. ஒரு கிலோ அல்வாவை நின்ற நிலையிலேயே தின்று காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிய நண்பன், சூடான முதல் கால் கிலோவை வாழையிலைத் துண்டில் வழித்து முடித்துவிட்டு, இரண்டாவது பொட்டலத்தில் பாதியில் நெய் வழியும் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, “வண்டி மேட்டுல நிக்கு போலயே?” என்று மட்டும் கேட்டோம். மிக்சர் ஒரு கை அள்ளிக் கொடுத்தோம். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆபத்தில்லாத இப்படிப்பட்ட பந்தயங்களே இச்சொற்களைப் பழகுவதற்கு ஏற்ற களம்.

எல்லாம் முடிந்து, ஆள் விழுந்த பிறகு சொல்பவற்றுக்குப் பஞ்சமே இல்லை. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை; வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம்; சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான். இவை சொல்ல எளியவை என்பதாலேயே எனக்கு இவற்றின் மீது மதிப்பு சற்றுக் குறைவு. விழுந்தவன் எழுந்து, அடிபட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு, தானே முதலில் சிரிக்கும் வரை காத்திருந்து சொன்னால்தான் இவை நகைச்சுவை.

வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்கள்

குடித்திருப்பவனிடமும், கையில் எதையாவது ஓங்கி நிற்பவனிடமும், சாதிப் பெருமையை முன்வைத்துச் சவால் விடுபவனிடமும் இந்தச் சொற்கள் எதையும் எடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் இந்தச் சீமை கொடுத்திருக்கும் விலை பெரிது. அங்கிருந்து விலகிப் போய்ப் பெரியவர்களையோ காவல் நிலையத்தையோ நாடுவதே முறை.

வெள்ளத்தின் முன்னும் இதே விதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறி ஓடிய அந்த இரவில், பாலத்துக்குச் செல்ஃபி எடுக்கப் புறப்பட்ட பையன்களிடம் யாரும் சாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்து, “வீட்டுக்குள்ள போலே” என்று கத்தினார்கள்; அதுதான் சரி. ஆறு சற்றே பெருகியிருக்கும்போது சொல்லும் கேலி வேறு, குறுக்குத்துறைக் கோயில் மூழ்கும்போது வேண்டியிருக்கும் சத்தம் வேறு.

உங்கள் மீதே விழுந்தால்

இதற்கு என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுமுறையில் மாமா ஊருக்குப் போயிருந்தபோது, பனை ஏறுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று விடியற்காலையில் சவடால் பேசிவிட்டு, பனையேறிகள் பிடிமானத்துக்காக அணியும் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். இரண்டு ஆள் உயரம் வரை எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கு மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் தெரியவில்லை. நெஞ்சையும் இரண்டு முன்கைகளையும் சொரசொரத்த மரம் சிராய்த்துக்கொண்டிருக்க, மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு தொங்கினேன். மாமா பதனீர்க் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “என்ன மருமவனே, உடும்பு வேண்டாம் கைய விட்டா போதும்னு ஆயிட்டா?” என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக் கூடாதது, இன்னும் இரண்டடி ஏற முயல்வது. கேலியை அப்படியே வாங்கிக்கொண்டு, அதே தொனியில் ஒரு வேண்டுகோளாகத் திருப்பித் தந்துவிட வேண்டும். “உடும்புக்கு ஏணி எங்க கெடக்கு மாமா?” என்று கேட்டேன். ஏணி வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அத்தை நெஞ்சில் தடவியபோது, எப்படி ஆயிற்று என்று அவள் கேட்பதற்கு முன்பாகவே மாமா முந்திக்கொண்டார்: “பனி விழுந்து மரம் வழுக்கிட்டு, அவன் என்ன செய்வான்?” அது பங்குனி மாதம், பனி விழும் காலம் எப்போதோ முடிந்திருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் மஞ்சள் எடுத்துவரப் போனாள்.